பிருந்தாவனமும் துளசி மண்ணும்

எங்கள் சபையின் மலருக்குப் பிருந்தாவனங்களைப் பற்றி எழுதித் தரும்படி சபைப் பெரியவர்கள் பணித்தார்கள். மத்வ மடத்து மகான் சமாதியான இடத்தில், உச்சியில் துளசியோடு எழுப்புவது மூல பிருந்தாவனம்; அங்கிருந்து மிருத்திகை, அதாவது மண், கொண்டுவந்து வேறு ஊரில் எழுப்புவது மிருத்திகை பிருந்தாவனம்.

மடங்களின் சரித்திரம் ஆற்றங்கரைகளில் கிடக்கிறது என்பார், பிருந்தாவன பூஜை செய்யும் எங்கள் ஆச்சார். ஆனேகுந்தியில் துங்கபத்ரையின் நடுவே பத்மநாப தீர்த்தரிலிருந்து சுதீந்திரர் வரை ஒன்பது பேர். அவர்களில் ஒருவர், 1539-இல் அங்கே பிருந்தாவனமான வியாசராஜர். முளபாகிலில் ஸ்ரீபாதராஜர், சோதேயில் வாதிராஜர். காவிரிக்கரைக்காரர்களான நமக்கு 1595 முதல் கும்பகோணத்தில் விஜயீந்திரர். வியாசராஜரிடம் படித்து, சுரேந்திரரிடம் பீடம் பெற்று, அப்பய்ய தீட்சிதரோடு வாதிட்ட மகான். அவருக்கு அடுத்த சுதீந்திரர் ஆனேகுந்தியில். சுதீந்திரரிடம் நம் கும்பகோணம் மடத்தில் பாடம் கேட்ட ராகவேந்திர ராயர், 1671 முதல் மந்திராலயத்தில். மூன்று தலைமுறைக்குள் காவிரியையும் துங்கபத்ரையையும் இணைத்துவிட்டது ஒரு பீடம்.

இந்தச் சரித்திரத்தை ஆச்சார் காப்பது தம் பூஜையில். விடியற்காலையில் அவர் முதலில் பிருந்தாவனத்தின் உச்சியில் உள்ள துளசி மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார். ஈரம் விரல்கணு வரை ஏறியிருந்தால்தான் திருப்தி. பிறகே அபிஷேகம். பீடத்துத் தாமரை இதழ்களுக்குள் தேங்கிய நீரை ஈரத்துணியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பார். மாலை எவ்வளவு பெரியதானாலும் அந்த இதழ் வரிசையை மறைக்க விடமாட்டார்.

இன்று ஊருக்கு ஊர் மிருத்திகை பிருந்தாவனங்கள் எழும்புகின்றன. பக்தி பெருகுவது சந்தோஷமே; யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, சொல்லும் தகுதியும் எனக்கில்லை. ஆனால் சில இடங்களில் உச்சியில் மண்ணுக்கே இடம் விடவில்லை. வழவழப்பான கிரானைட் மூடி, அதன்மேல் பிளாஸ்டிக் துளசி! வருஷம் முழுக்கக் கழற்றாத வெள்ளிக் கவசம். உள்ளே கல்லா, சிமெண்டா என்று அர்ச்சகருக்கே தெரியவில்லை. மகானின் ஆராதனையில் கடைசி நாளான உத்தர ஆராதனையன்று எத்தனை சாப்பாட்டு இலை விழுந்தது என்பதை மைக்கில் சொல்கிறார்கள். அன்று செடிக்குத் தண்ணீர் விட்டது யார் என்று கேட்க ஆளில்லை. மண் போனால் செடி போகும், செடி போனால் நியமம் போகும். நியமம் போனபின் மடமென்ன, பரம்பரையென்ன? நானூறு வருஷம் வெயிலும் வெள்ளமும் செய்யாததை இந்த ஒரு தலைமுறை செய்துவிடும் போலிருக்கிறது.

ஆனாலும் நம்பிக்கை போகவில்லை. 2019 ஜூலையில் ஆனேகுந்தியில் வியாசராஜர் பிருந்தாவனத்தைக் கயவர்கள் இடித்தபோது பல மடத்தாரும் ஓடி வந்து, சிதறிய கற்களைப் பொறுக்கிச் சில நாளுக்குள் திரும்ப எழுப்பினார்கள். அந்தப் பதைப்பு நமக்குள் இன்னும் இருக்கிறது; கல்லுக்கு வந்த அது மண்ணுக்கும் வரட்டும்.

சபை எழுப்பவிருக்கும் பிருந்தாவனத்திலாவது உச்சியில் ஒரு சாண் ஆழம் மண்ணுக்கு விடுங்கள். ஆச்சார் வீட்டு மாடத்திலிருந்து கன்று நான் கொண்டுவருகிறேன்.