சுவரும் நகையும்: எர்னஸ்ட் ஸகாரெவிச்சின் பினாங்குக் கண்காட்சியை முன்வைத்து

தெரு ஓவியம் கலைக்கூடத்திற்குள் வரும்பொழுது அதன் விளையாட்டுத்தன்மை என்னவாகிறது என்பதை ஆராய, மலேசியாவில் நமக்குத் தக்க சான்று ஒன்று உண்டு. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச், 'கலையே குப்பை, குப்பையே கலை' என்று பொருள்படும் தலைப்பில் 2014 சனவரியில் பினாங்கில் நடத்திய கண்காட்சியே அது. ஜாலான் குருத்வாராவில் கைவிடப்பட்டுக் கிடந்த ஹின் பேருந்துப் பணிமனை அதற்கு இடமாயிற்று.

அவரைப் பலரும் அறியச் செய்தவை 2012ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவுக்காக அவர் வரைந்த சுவரோவியங்கள். ஆர்மினியன் தெருவில் அக்காளும் தம்பியும் மிதிவண்டியில் விரைகின்றனர்; பிள்ளைகள் ஓவியம், மிதிவண்டியோ உண்மையானது. முந்திரித் தெருவில் நீல உடைச் சிறுமி இரண்டு சன்னல்களின் மேல் கையூன்றித் தொங்குகிறாள். வழிப்போக்கர் மிதிவண்டியின் பின்னால் ஏறுவது போல நின்று படமெடுத்துக் கொள்கின்றனர். அவர் வந்து நிற்கும் வரை ஓவியத்தில் ஓர் இடம் காலியாகவே இருக்கிறது எனலாம்.

இவ்வோவியங்கள் எழுப்பும் சிரிப்பை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்குக் கைகொடுக்கிறது. நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு அது கூறும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. ஜார்ஜ்டவுன் சுவர்களில் நாம் காண்பது இளமை பற்றிய நகை. அதில் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. சுற்றுலாத்துறைக்கும் அது இனிது.

எள்ளல் பற்றிய நகைக்கோ வேறு கதி நேர்ந்தது. 2013இல் ஜொகூர் பாருவின் கட்டட மூலை ஒன்றில் ஸகாரெவிச் லெகோ பொம்மை வடிவில் இருவரை வரைந்தார். விலையுயர்ந்த கைப்பையுடன் ஒரு பெண் நடந்து வருகிறாள். மூலைக்கு அப்பால் கத்தியுடன் ஒரு திருடன் காத்திருக்கிறான். முந்திய ஆண்டு அம்மாநிலத்தில் லெகோலாந்து கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டிருந்தது. அவ்வூரின் வழிப்பறி அச்சத்தையும் அப்பூங்காவின் பெருமையையும் ஒரே மூலையில் அவர் சந்திக்க வைத்துவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் மாநகர் மன்றம் அதன்மேல் வெள்ளையடித்தது. தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதல் என எள்ளலை இருவகையாக்குவார் உரையாசிரியர் பேராசிரியர். இரண்டாவது வகை ஆட்சியாளர்க்கு எளிதன்று போலும்.

இளமையைப் போற்றுவதிலும் ஒரு முரண் உள்ளது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு அது 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபின், ஜார்ஜ்டவுனின் உள்நகரக் கடைவீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த பல குடும்பங்கள் வெளியேறின. 2008இல் கிடைத்த யுனெஸ்கோ மரபுடைமைத் தகுதி கட்டடங்களின் மதிப்பை மேலும் உயர்த்தியது. குடும்பங்கள் வெளியேறிய பகுதியின் சுவர்களில்தான் பிள்ளைகள் வரையப்பட்டார்கள். ஓவியரை இதற்குக் குறை கூறுவது முறையன்று. அவர் வருமுன்பே தொடங்கியது அந்த வெளியேற்றம். ஆயினும் அச்சிறுவர்களை வெறும் குறும்பாக மட்டும் பார்த்துவிட்டு நகர்வது போதாது என்பது என் கருத்து.

ஜொகூர் சுவர் வெள்ளையான இரண்டு மாதங்களில் திறக்கப்பட்டது பணிமனைக் கண்காட்சி. கழித்துப் போட்ட பொருள்களை எடுத்து அவற்றையே ஓவியத்திற்குத் தளமாக்கியிருந்தார் ஸகாரெவிச். தலைப்பும் கலைச்சந்தையை எள்ளுவதே. எனினும் இது காரம் குறைந்த எள்ளல். சந்தை இத்தகைய கிண்டலைத் தன் மதிப்பாகவே ஏற்றுக்கொள்ளும். மேலும், தெருவில் ஓவியம் எதிர்பாராத இடத்தில் எதிர்ப்படுகிறது. காய்கறி வாங்கச் சென்றவரும் அதன் பார்வையாளர் ஆகிவிடுகிறார். கூடத்திற்கு வருபவர் கலையைக் காணவென்றே புறப்பட்டு வந்தவர். கைகட்டி நின்று பார்ப்பவர். மிதிவண்டியின் பின்னால் இருந்த அந்தக் காலியிடம் அவருக்கு இங்கே கிடைப்பதில்லை.

இக்குறையிலிருந்து இக்கண்காட்சியைப் பெருமளவு காத்தது அப்பணிமனையே. அது முழுமையான கூடமும் அன்று, தெருவும் அன்று. திறந்த முற்றத்தைச் சூழ்ந்த பழஞ்சுவர்களிலேயே சில ஓவியங்கள் நேரடியாக வரையப்பட்டன. பெயர்த்தெடுத்து விற்க இயலாத இவற்றையே கண்காட்சியின் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன். சுவரின் விரிசலும் கறையும் அவற்றில் வண்ணத்தோடு சேர்ந்தே பொருள் தருகின்றன. தனித்து நின்ற பொருள்களில் அந்த உறவு தளர்ந்துவிடுகிறது.

கண்காட்சி முடிந்த பின்னும் அச்சுவரோவியங்கள் அங்கேயே தங்கின. பணிமனை ஒரு கலைவெளியாகவும் வார இறுதிச் சந்தைக்குரிய இடமாகவும் மாறிற்று. பொருள் வாங்க வருவோர் அவற்றைக் கடந்து செல்கின்றனர். மழையும் வெயிலும் வண்ணத்தைக் கரைத்து வருகின்றன.