கட்டுமரமும் கேட்டமரனும்

எங்க வன்னியம்பட்டியில் கடல் கிடையாது. மேற்கே பார்த்தால் மலைதான். ஆனாலும் சொந்தக்காரங்க வாட்ஸப் குழுவில் அடிக்கடி ஒரு கட்டுமரம் கரை ஒதுங்கும்: கேட்டமரன் படகை உலகத்துக்குக் கொடுத்ததே தமிழன்தான் என்று. கூடவே, இரட்டை உடல் கொண்ட வெள்ளைச் சொகுசுப் படகின் படம்.

இதில் பாதி உண்மை. 'கேட்டமரன்' நம்ம சொல்தான். 1697-ல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் இப்படி அழைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் கட்டு, மரம் என்று சரியாகப் பிரித்துக் காட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த வினைத்தொகைதான்: கட்டிய மரம், கட்டுகிற மரம், கட்டும் மரம்.

தப்பு அந்தப் படத்தில் இருக்கு. கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது. லேசான மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து கயிற்றால் இறுக்கிக் கட்டுவது. இடுக்கு வழியா தண்ணி வரும், போகும், மூழ்காது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடலாம். இரட்டை உடல் படகு பசிபிக் தீவுக்காரர்களின் கைவண்ணம். 1876-ல் நதானியேல் ஹெர்ரெஷாஃப் அமெரிக்காவில் ஓட்டி ஜெயித்த 'அமரில்லிஸ்' அந்த வகை. நம்ம சொல் போய் அதில் ஒட்டிக்கொண்டது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. மூன்று உடல் படகு வந்தபோது 'ட்ரைமரன்' என்று பெயர் வைத்தார்கள். ஹெலிகாப்டர் என்ற சொல் கிரேக்கத்தில் ஹெலிகோ, ப்டெர் என்று பிரியும். ஆங்கிலத்தில் ஹெலி, காப்டர் என்று தப்பான இடத்தில் வெட்டி, ஹெலிபேட், குவாட்காப்டர் என்று புதுச் சொற்கள் செய்துவிட்டார்கள். கேட்டமரனை மட்டும், தமிழ் தெரியாமலே, சரியான மூட்டில் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் ட்ரைமரனில் கட்டும் இல்லை, பெரும்பாலும் மரமும் இல்லை!

இதைக் குழுவில் எழுதினேன். "நீயெல்லாம் தமிழனாடா?" என்றார் சித்தப்பா.

சித்தப்பா, சொல் நம்மளது, அந்தப் படகு அவங்களது. இல்லாததைச் சேர்த்துச் சொன்னால், கேட்கிறவன் இருக்கிறதையும் நம்ப மாட்டான். அதைவிட எனக்கு உறுத்துவது வேற. கரையில் கட்டுமரத்தை ஃபைபர் படகு ஓரங்கட்டிவிட்டது. பெருமைக்கு என்று நாம் அனுப்புகிற படத்திலும் அது இல்லை. அடுத்த தடவை அனுப்பும்போது படத்தையாவது மாத்துங்க.