மூன்றாம் வகுப்பாரும் சியேயெஸின் துண்டுநூலும்

நூலொன்று புரட்சியை உண்டாக்கிற்று என்று கூறுதல் வரலாற்றாசிரியர் எளிதில் உடன்படாத கூற்றாகும். பசியும் வரியும் அரசிறைக் கடனுமே பிரான்சிய மக்களை எழச் செய்தன. எனினும், எழுந்தவர்கள் தம்மை எப்பெயரால் அழைப்பது, எவ்வுரிமை கொண்டு பேசுவது என்னும் வினாக்களுக்கு விடை ஒரு நூலிலிருந்தே கிடைத்தது. 1789 ஆம் ஆண்டு சனவரியில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'மூன்றாம் வகுப்பு என்றால் என்ன?' என்பதே அந்நூல். அதனை எழுதிய சியேயெஸ், முதல் வகுப்பாகிய குருமாரைச் சேர்ந்தவர் என்பது வியத்தற்குரியது.

அக்காலச் சூழலை அறிந்தாலன்றி நூலின் வேகம் புலப்படாது. 1614 க்குப் பின் கூடாதிருந்த மூவகுப்பார் பேரவையைப் பதினாறாம் லூயி மன்னன் கூட்டுவதாக அறிவித்தான். குருமார், பிரபுக்கள், ஏனையோர் என்னும் மூன்று வகுப்பிற்கும் பழைய வழக்கின்படி வகுப்புக்கொரு வாக்கே உண்டு. முதலிரு வகுப்பாரும் ஒன்றுபட்டால் மூன்றாமவர் தோற்பது உறுதி. 1788 திசம்பரில் மூன்றாம் வகுப்பின் பிரதிநிதிகள் தொகை இரட்டிக்கப்பட்டது. ஆனால், வாக்கைத் தலைக்கொன்றாக எண்ணுவதா, வகுப்புக்கொன்றாக எண்ணுவதா என்பது முடிவு செய்யப்படவில்லை. வகுப்புக்கொன்றாயின் தொகையை இரட்டித்து யாது பயன்? இவ்விடத்திலேதான் சியேயெஸின் எழுதுகோல் ஊன்றுகின்றது.

நூலின் முகப்பிலே மூன்று வினாக்களை எழுப்பி, ஒவ்வொன்றிற்கும் மிகச் சுருங்கிய விடையைத் தந்துவிட்டு, அவ்விடைகளை நிறுவுதற்குப் பின்வரும் அதிகாரங்களைப் பயன்படுத்துகின்றார். நம் உரையாசிரியர்களின் கடாவிடை முறையிற் பழகியோர்க்கு இது புதிதன்று. ஆயின் உரையாசிரியர் மாணாக்கனைத் தெளிவிக்கக் கடாவினர், இவரோ பகைவனை வாயடைக்கக் கடாவுகின்றார். உழவு, கைத்தொழில், வாணிகம், கற்றோர் தொழில் முதல் வீட்டுவேலை ஈறாகிய பணிகள் என நாட்டைத் தாங்கும் முயற்சிகளை நான்காக வகுத்து, அவையனைத்தையும் செய்வோர் மூன்றாம் வகுப்பாரே எனக் காட்டுகின்றார். அடுத்து வருவது கணக்கு: சலுகை பெற்ற இரு வகுப்பாரும் 2 இலட்சத்திற்குக் குறைந்தவர், மற்றையோர் 2½ கோடியினர். வெற்றி கொண்ட இனத்தவர் என்பதால் உரிமை கோரும் பிரபுக்கள் தம் முன்னோர் வாழ்ந்த பிராங்கோனியக் காடுகளுக்கே மீளலாம் என அவர் ஏளனஞ் செய்யுமிடம், வறண்ட தருக்கத்தின் நடுவே தோன்றும் நகைச்சுவை. அவருக்கு அது அருமையாகவே வாய்க்கும்.

நூலின் உயிர்நிலை ஐந்தாம் அதிகாரத்தில் உளது. அரசியலமைப்பை ஆக்கும் ஆற்றல் வேறு, அவ்வமைப்பால் ஆக்கப்பட்ட அதிகாரங்கள் வேறு. முன்னது நாட்டினத்துக்கே உரியது. அதனைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறிதில்லை என்கின்றார். இக்கோட்பாடு ஏட்டோடு நிற்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிரதிநிதிகள் 1789 யூன் 17 இல் அவரது தீர்மானத்தை ஏற்றுத் தேசிய மன்றம் என்னும் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். அரசன் அழைத்த அவை, அரசன் அளிக்காத உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. புரட்சி அன்றே நிகழ்ந்துவிட்டது எனின் மிகையாகாது.

சியேயெஸின் பிற்கால ஒழுக்கத்தைக் காட்டி அவர் தம் நூலுக்கே இரண்டகஞ் செய்தார் என்பார் உளர். 1789 ஓகத்தில் ஈடின்றித் திருச்சபையின் பத்திலொரு வரியை ஒழிப்பதை அவர் எதிர்த்தார்; 1799 இல் நெப்போலியனோடு கூடி ஆட்சியைக் கவிழ்த்தார்; சலுகையைச் சாடிய அவரே பின்னர்ப் பேரரசின் பிரபுவுமானார். ஆயினும் நன்னூலார் கூறும் மாறுகொளக்கூறல் என்னுங் குற்றம் அவர் வாழ்க்கையில் மட்டுமன்றி நூலினுள்ளேயே கிடக்கின்றது என்பது எம் கருத்து.

முதலதிகாரத்தில் உழைப்போர் எல்லோரையும் நாடு என எண்ணியவர், மூன்றாம் அதிகாரத்தில் யார் வாக்களிக்கத் தக்கார் என்று ஆராயுங்கால் இரவலரையும் பிறரைச் சார்ந்து வாழும் வேலையாட்களையும் விலக்குகின்றார். பெண்களை விலக்கும் உலக வழக்கு முறையா அன்றா என்று ஆராயாமலே கடந்து செல்கின்றார். ஏவலாள் தன் எசமானன் குறிப்பின்படியே வாக்களிப்பான் என்னும் அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு; பிரபுக்களின் கையாட்கள் மூன்றாம் வகுப்பின் பெயரால் அவைக்கு வருவதைத் தடுப்பதும் அவர் நோக்கமாயிற்று. ஆனால், பிரபுக்களுக்கு எதிராகத் தொகை காட்டுதற்கு வேண்டப்பட்டவர்கள் அத்தொகையின் பயனைப் பெறுதற்கு வேண்டப்படவில்லை. கல்வியும் ஓய்வும் உடையோரே ஏனையோர் சார்பிற் பேசவல்லார் என்பதும் அந்நூலிற் காணப்படும் துணிபே. 1789 யூலையில் அவர் செயற்குடிகள், செயலில் குடிகள் என இருவகைப்படுத்தியது இதன் விரிவேயன்றிப் புதிதன்று. அவ்வாண்டு திசம்பரில் அது சட்டமாயிற்று; மூன்று நாட் கூலிக்கு நிகரான நேர்வரி செலுத்தாதோர் வாக்கிழந்தனர். 1792 ஓகத்தில் அப்பாகுபாடு நீக்கப்பட்டபோதும் வீட்டு வேலையாட்களுக்கு வாக்குரிமை கிட்டவில்லை.