தோன்றா எழுவாய்

‘சப்ளை செயின்’ என்பதை ‘வழங்கல் சங்கிலி’ என்று பெயர்த்துவிட்டு நாம் சும்மா இருந்துவிட்டோம். சங்கிலி என்றால் ஒரு கண்ணியை இழுத்தால் மறு கண்ணி அசையவேண்டும். ஆயத்த ஆடைத் தொழிலில் மேலிருந்து இழுத்தால் மட்டுமே அசைவு. விலையும் ஷிப்மெண்ட் தேதியும் எங்கோ ஒரு கணினித் திரையில் முடிவாகி, திருப்பூரில் பவர் டேபிள் முன் குனிந்திருப்பவளின் முதுகுக்கு ராவோட ராவா வந்து சேர்ந்துவிடும். கீழிருந்து இழுத்தால் கண்ணி கையோடு வந்துவிடும், அவ்வளவுதான். 2020இல் கொரோனாவைச் சொல்லி வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை மேலைக் கம்பெனிகள் ரத்து செய்தன அல்லது நிறுத்திவைத்தன. தைத்து முடித்த சரக்கும் அதில் உண்டு.

இது கோளாறல்ல, இந்த அமைப்பின் இலக்கணமே இதுதான் என்பது என் வாசிப்பு. சொந்த ஆலை இல்லாமல் வெளியே கொள்முதல் செய்வதன் லாபம் மலிவுக்கூலி மட்டுமல்ல. ‘முதலாளி நானில்லை’ என்று சொல்ல முடிவதும்தான். பையர் ஏற்றுமதியாளரைக் காட்டுவார், அவர் ஜாப் ஒர்க் எடுத்தவரைக் காட்டுவார், அவர் கான்ட்ராக்டரை. வினை நடந்திருக்கிறது, எழுவாயைக் காணோம். தமிழ் இலக்கணத்தில் இது தோன்றா எழுவாய். ஆனால் அங்கே விகுதி காட்டிக்கொடுத்துவிடும். இங்கே விகுதி எது?

சட்டைக் கழுத்தில் தைத்த லேபிள். 2013 ஏப்ரல் 24இல் டாக்கா அருகே ரானா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, இடிபாடுகளுக்குள் லேபிள்களையும் ஆர்டர் தாள்களையும் பொறுக்கியெடுத்துத்தான் எந்தக் கம்பெனிக்குத் தைத்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

‘இப்போது இணையம் இருக்கிறதே, பருத்திக்காடு வரை தடம் பார்க்கலாமே’ என்கிறார்கள் சில நண்பர்கள். தணிக்கை, சான்றிதழ் என்றும் சொல்கிறார்கள். 2012 செப்டம்பரில் 250க்கும் மேற்பட்டோரை எரித்த கராச்சி அலி எண்டர்பிரைசஸ் ஆலை, சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ.8000 சான்றிதழ் வாங்கியிருந்தது. அந்தப் பிரதி தொழிலாளி படிப்பதற்காக எழுதப்பட்டதல்ல. வாங்குபவரின் மனசாட்சிக்காக எழுதப்பட்டது. தெரிவது வேறு, கட்டுப்படுவது வேறு.

கட்டுப்பட வைத்த பிரதி ஒன்று நம்மூரிலேயே உண்டு. 2021இல் திண்டுக்கல் பகுதி ஆலையொன்றில் வேலைபார்த்த தலித் பெண் கொலையுண்டதை அடுத்து, தலித் பெண்கள் முன்னின்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அது பெயர் சொல்லிச் சேர்த்தது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பையர்கள் அதை ஒட்டிக் கையெழுத்திட்டார்கள்: ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வணிகரீதியாக நடவடிக்கை எடுக்கவேண்டும். கீழிருந்து இழுத்து மேல்கண்ணி அசைந்தது இங்கேதான்.

ஓர் ஆலைக்குழுமத்தோடு நின்ற ஒப்பந்தம்தான், பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் எழுதுகிற நாம் யோசிக்கவேண்டும். நம் பஞ்சாலைக் கதைகளில் பெரும்பாலும் வில்லன் சூப்பர்வைசரோடு நின்றுவிடுகிறான். அதற்கு மேலே இருக்கும் எழுவாயை எழுதாதவரை, நாமும் பையரின் இலக்கணத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.