முறுக்கு விழாத ஹோஸ்

விமான எஞ்சினில் ஹோஸ் பூட்டியவர் கைகாரரா என்பதை ஒரு கோடு சொல்லிவிடும். ரப்பர் ஹோஸின் முதுகில் நீளவாக்கில் கோடு அச்சிட்டிருப்பார்கள். பூட்டி முடித்த பிறகும் அது சுற்றாமல் ஓடினால் ஹோஸில் முறுக்கு விழவில்லை என்று பொருள். இதற்கு இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று பிட்டிங்கை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருக. முறுக்கு விழுந்த ஹோஸ் அழுத்தம் ஏறியதும் நிமிரப் பார்க்கும்; நட்டு தளரும், ஆயில் கசியும்.

செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானத்துக்கு ஒரே எஞ்சின்தான். அதன் உயிர் இந்த ஹோஸ்களில் ஓடுகிறது. அழுத்தத்தில் ஹோஸின் நீளம் 4 சதவீதம் வரை குறையும். அதனால் தேர்ந்த மெக்கானிக் இழுத்துப் பூட்டமாட்டார். 5 முதல் 8 சதவீதம் வரை தளர்வு விடுவார். டெஃப்லான் ஹோஸ் என்றால் கவனம் இன்னும் கூடும். சூட்டில் வேலை செய்த வளைவிலேயே அது இறுகிப்போயிருக்கும். நிமிர்த்தினால் உட்குழாய் மடங்கிக் கெட்டுவிடும். கழற்றியதும் இரு முனைகளையும் கம்பியால் இணைத்து, அந்த வளைவு குலையாமல் வைப்பதைப் பார்க்கவேண்டும். அத்தனை பக்குவம்!

பரிசோதனையில் கண்ணும் விரலும் சேர்ந்து வேலை செய்கின்றன. 100எல்எல் விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் கலந்திருப்பதால், கசிந்து காய்ந்த இடத்தில் நீலக் கறை நிற்கும். ரப்பர் விறைத்துவிட்டதா, வெடிப்பு விட்டிருக்கிறதா, உரசிய தடம் உண்டா என்பதை விரல் சொல்லும். முனையில் கட்டிய தகட்டில் தயாரித்த தேதி இருக்கும். விமானம் பறக்காமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதால், அந்தத் தேதியிலிருந்து கணக்கிட்ட ஆயுள் கடந்ததைப் பளபளப்பைப் பார்த்து விட்டுவைக்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் தீ உறை. கண்ணாடி இழையில் சிலிக்கோன் பூசிய செம்மஞ்சள் உறை அது. தீ தாங்கும் தரம் பெற்ற ஹோஸ் ஏறக்குறைய 1093 டிகிரி செல்சியஸ் சுடரில் 5 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். பெட்ரோலை அடைத்து, விமானத்தைத் தரையிறக்க விமானிக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான். உறையின் முனை பிரிந்திருந்தால் அது ஆயிலை உறிஞ்சித் தானே திரியாகிவிடும். அதனால்தான் முனைகளை எஃகுப் பட்டையால் இறுக்குகிறார்கள்.

கோவில்பட்டிக்கு இதெல்லாம் அந்நியமில்லை. தீக்குச்சி மருந்தோடு பிழைத்த ஊருக்கு நெருப்பின் குணம் தெரியும். மில்லும் தீப்பெட்டி ஆலையும் பழக்கிய கைகள் இங்கே ஏராளம். ஊருக்கு அருகிலுள்ள பழைய ஓடுதளத்தில் விமானிப் பயிற்சிப் பள்ளி அமைக்கத் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ முயன்றுவருகிறது. அது வரும்போது விமானப் பராமரிப்புப் படிப்பும் கூடவே வரட்டும். கரிசல்காட்டுப் பிள்ளைகள் விமானம் ஓட்டவும் வேண்டும். அதைப் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடும் பொறியாளராகவும் வேண்டும்.