டெலிரியஸ்?: சபைப் பாட்டும் ராக் மேடையும்

டெலிரியஸ்? என்பது இங்கிலாந்தின் தென்கரையில், மேற்கு சசெக்ஸ் பகுதியின் லிட்டில்ஹாம்ப்டன் என்ற சிறு கடற்கரை ஊரில் உருவான கிறிஸ்தவ ராக் இசைக்குழு. பெயரின் கடைசியில் நிற்கும் கேள்விக்குறியும் பெயரோடு சேர்ந்ததுதான். அவ்வூர்ச் சபை ஒன்று 1992 முதல் 'கட்டிங் எட்ஜ்' என்ற பெயரில் இளைஞர்களுக்கு மாதாந்தரக் கூட்டம் நடத்திவந்தது. அதில் வாசிக்கச் சேர்ந்தவர்களே பின்னாளில் இந்தக் குழுவானார்கள். மார்ட்டின் ஸ்மித் பாடினார். டிம் ஜப் கீபோர்டும் ஸ்டூவர்ட் ஸ்மித் டிரம்ஸும் வாசித்தார்கள். கிட்டாருக்கு ஸ்டூ கராடும் பேஸ் கிட்டாருக்கு ஜான் தாட்ச்சரும் பிறகு வந்தார்கள். பாடகர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பொறியாளர், டிரம்மர் வரைகலை வடிவமைப்பாளர். ஆகவே ஒலிப்பதிவுக்கும் உறை வடிவமைப்புக்கும் தேவையான கைத்திறன் குழுவுக்குள்ளேயே இருந்தது.

சபைக்குள் ராக் இசை நுழைந்தது இவர்களால் அல்ல. அதற்கு முன்பே கிறிஸ்தவ ராக் குழுக்கள் இருந்தன. ஆனால் அவர்கள் பாட, மக்கள் கேட்டார்கள். மக்கள் சேர்ந்து பாடிய துதிப் பாடல்களோ பெரும்பாலும் மென்மையானவை. யு2 போன்ற குழுக்களின் அகன்ற கிட்டார் ஒலியைச் சபையே பாடும் பாட்டுக்கு அடித்தளமாக்கியதுதான் இவர்களின் பங்களிப்பு. 1993க்கும் 1995க்கும் இடையில் தாங்களே வெளியிட்ட நான்கு கட்டிங் எட்ஜ் ஒலிநாடாக்களில் அது தெளிவாகக் கேட்கிறது. 'ஐ குட் சிங் ஆஃப் யுவர் லவ் ஃபாரெவர்' பாட்டை எடுத்துக்கொள்ளலாம். சிறிய சரணம், ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் பல்லவி, சுழன்று வரும் சில கார்டுகள். கிட்டார் பழகிச் சில மாதங்களே ஆன ஒருவர் ஒரே மாலையில் அதைக் கற்றுக்கொண்டு மறுஞாயிறு சபையில் வாசித்துவிட முடியும். 1999இல் அமெரிக்காவின் சோனிக்ஃபிளட் குழு அதைப் பதிவு செய்ய, அந்நாட்டுச் சபைகளிலும் பரவியது. எழுதியவர் யார் என்று தெரியாமலே பலரும் பாடினார்கள். சபைப் பாட்டுக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

குறையும் அதே எளிமைக்குள்தான் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் வரி உணர்ச்சியைப் பெருக்குகிறது, பொருளைப் பெருக்குவதில்லை. பழைய ஆங்கிலக் கீர்த்தனைகளில் சரணத்துக்குச் சரணம் சிலுவை, பாவம், மீட்பு என்று போதனை வளரும். இங்கே 'நான்', 'நீர்' என்ற இரண்டு சொற்களுக்கு இடையிலான நெருக்கமே பெரும்பகுதி. ஆராதனை ராக்கை எதிர்ப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டுவதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டு இவர்களின் எல்லாப் பாடல்களுக்கும் பொருந்தாது. 'டிட் யூ ஃபீல் த மவுன்டன்ஸ் டிரெம்பிள்?' தனிமனித உருக்கத்தைத் தாண்டி, நாடு முழுவதும் எழும் ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்கிறது.

1995இல் நடந்த கார் விபத்தில் மார்ட்டின் ஸ்மித் பலத்த காயமடைந்தார். அதிலிருந்து மீண்ட பின், 1996இல் உறுப்பினர்கள் இசையையே முழுநேரத் தொழிலாக்கிக் கொண்டனர். 'ஃபியூரியஸ்?' என்ற சொந்த நிறுவனத்தின் வழியாக வந்த 'கிங் ஆஃப் ஃபூல்ஸ்' 1997இல் பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 13ஆம் இடம் பிடித்தது. அந்த ஆண்டு 'டீப்பர்' தனிப்பாடல் 20ஆம் இடத்துக்கும், 1999இல் 'ஸீ த ஸ்டார்' 16ஆம் இடத்துக்கும் வந்தன. எந்தப் பெரிய நிறுவனமும் பின்னால் இல்லாத ஒரு சபைக் குழுவுக்கு இது சாதாரணக் காரியமல்ல. ஆனால் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த விசுவாசிகள்தாம். வானொலியில் பொதுக் கேட்பாளரைத் தேடிப் பிடிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிடைத்தது.

இங்கிருந்து குழு சபை, பொதுச் சந்தை என்ற இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்யத் தொடங்கியது. 1999இல் வந்த 'மெஸமார்ஃபிஸ்' ஆல்பம் ரேடியோஹெட் குழுவின் சாயலில் இருண்ட, சிக்கலான ஒலியைத் தேடியது. இசையாக அது துணிச்சலானது, சபையில் பாட வராதது. மறு ஆண்டே 'குளோ' ஆராதனைக்குத் திரும்பியது. 2001இல் 'ஆடியோ லெஸனோவர்?' வெளியானது; அமெரிக்கச் சந்தைக்கு அதையே மாற்றியமைத்து 'டச்' என்ற வேறு பெயரில் கொடுத்தார்கள். 2001இல் பான் ஜோவி ராக் குழுவுக்கு முன்னதாக மேடையேறியும் பொது ரசிகர் கூட்டம் நிலைக்கவில்லை. ராக் விமர்சகருக்குப் பக்தி மிகுதி, போதகருக்கு மேடை மிகுதி. 2003இன் 'வேர்ல்டு சர்வீஸ்' ஆல்பத்தில் இந்த இழுபறி ஓரளவு தீர்ந்தது. அதிலுள்ள 'மெஜஸ்டி' மறுபடியும் சபைகள் தாமாக எடுத்துக்கொண்ட பாட்டாயிற்று.

பொருளடக்கத்தில் குழு முதிர்ந்தது கடைசியில்தான். மும்பையின் ஏழ்மையை நேரில் கண்ட அனுபவம் 2008இல் வெளியான 'கிங்டம் ஆஃப் கம்ஃபர்ட்' ஆல்பத்துக்குப் பின்னால் நிற்கிறது. வசதிக்குள் ஒளிந்துகொண்ட விசுவாசத்தை அது கேள்வி கேட்கிறது. உலகம் சுற்றும் ஒரு குழு விலை போட்டு விற்ற தட்டில் அந்தக் கேள்வி வந்தது முரண்தான். ஆனால் அந்தக் கேள்வி தங்களையும் விட்டுவைக்கவில்லை என்பதை அந்தப் பாடல்கள் மறைக்கவில்லை. மார்ட்டின் ஸ்மித் அதே காலத்தில் பாடலாசிரியர்களைத் திரட்டி 'கம்பாஷன்ஆர்ட்' என்ற அறப்பணி அமைப்பையும் தொடங்கினார்.

2008இல் ஸ்டூவர்ட் ஸ்மித் விலக, பால் எவன்ஸ் டிரம்ஸுக்கு வந்தார். 2009 நவம்பர் 29 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித் அப்பல்லோவில் கடைசிக் கச்சேரி நடந்தது. குழு கலைந்த பிறகுதான் அதன் மிக உயர்ந்த இடம் கிடைத்தது: 2010 ஈஸ்டரையொட்டி விசுவாசிகள் ஃபேஸ்புக்கில் நடத்திய இயக்கத்தால், 1997 ஆல்பத்தின் 'ஹிஸ்டரி மேக்கர்' பிரிட்டிஷ் தனிப்பாடல் பட்டியலில் 4ஆம் இடத்துக்கு ஏறியது. மார்ட்டின் ஸ்மித் தனிப் பாடகராகத் தொடர்ந்தார். ஸ்டூ கராட் 'ஒன் சோனிக் சொசைட்டி' என்ற குழுவில் சேர்ந்தார். டிம் ஜப், மேற்கு சசெக்ஸ் திறந்தவெளியில் பல சபைகள் கூடும் 'பிக் சர்ச் டே அவுட்' விழாவை நடத்தினார்.