மெக்கின்டோஷுக்குள் ஒரு டூ-ஈ

ஆப்பிள் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த ‘டூ-ஈ கார்டு’ என் மனத்துக்கு நெருக்கமான பொருள். மெக்கின்டோஷ் எல்சி கணினியின் தட்டையான மூடியைப் பின்பக்கமாகத் தூக்கித் திறந்து, அந்தச் சின்னப் பலகையை அதன் இடத்தில் வைத்து இரு கட்டைவிரல்களாலும் சமமாக அழுத்த வேண்டும். கொஞ்சம் முரண்டு பிடிக்கும்; பிறகு நறுக்கென்று உட்காரும். பழைய ஆப்பிள் டூ-ஈ கணினி மாதிரி பாவனை செய்கிற சமாச்சாரம் இல்லை இது. 65சி02 செயலியே உள்ளே நிஜமாக ஓடுகிறது. முன்பு பல சில்லுகள் பகிர்ந்துகொண்ட வேலையை ஒற்றைச் சில்லு பார்த்துக்கொள்கிறது. திரையும் விசைப்பலகையும் மெக்கின்டோஷ் தரும் இரவல். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பது போல.

இரண்டாகப் பிரியும் கேபிள் ஒன்று கூடவே வரும். ஒரு கிளையில் ஜாய்ஸ்டிக், மறு கிளையில் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி டிரைவ். எனக்குப் பிடித்ததே அந்த டிரைவின் சத்தம்தான். விழித்ததும் தன் வாசிப்பு முனையை முதல் தடத்துக்கு இழுத்துப்போய்த் தடுப்பில் முட்டிப் பார்க்கும்: கடகடகடவென்று. பழுதில்லை, தான் நிற்கும் இடத்தை அது உறுதி செய்துகொள்ளும் விதம் அது. அப்புறம் வட்டு சரசரவென்று சுழலும். பள்ளிக்கூட அலமாரிகளில் அடுக்கி வைத்திருந்த ‘ஓரிகன் டிரெயில்’ விளையாட்டு வட்டாக இருந்தால், திரையில் மாட்டுவண்டி நகரத் தொடங்கும். வேகத்தைக் கூட்டவும் கார்டில் வசதி உண்டு. ஆனால் விளையாட்டுக்குப் பழைய வேகம்தான் சரி. அதையும் யோசித்து, இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள்.